மஞ்சள் வைத்த துண்டு

எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில் ஒரு துண்டு இருக்கிறது. கைத்தறித் துண்டு, சிவப்புக் கரை. ஒரு மூலையில் தீபாவளிக்குத் தடவிய மஞ்சள் வெளுத்து, பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் இரண்டு எண்ணெய்க் கறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. துணிக்கு ரேஷன் வந்த பிறகு என் மனைவி இதை இரண்டு முறை கையில் எடுத்துவிட்டாள். "பொட்டியில தூங்கற துண்டைப் போட்டுக்கிட்டா என்னங்க? தோள்ல கெடக்கறது கிழிஞ்சு தொங்குது" என்றாள். இருக்கட்டும் என்றேன். மடித்து மறுபடி அடியில் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பேச வராது என்பது அவளுக்குத் தெரியும். பேச வராததால் நடந்த ஒரு காரியத்தை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலாவது வரை படித்தவன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூல் வியாபாரி தர்மத்துக்காகக் கட்டிய வயோதிகர் விடுதியில் நான் தண்ணீர்க்காரன். ஜெர்மன்காரன் சண்டைக்கு முன்னாலும் அதே வேலைதான், இன்றும் அதே வேலைதான். கேணியில் இறைத்துத் தொட்டிகளை நிரப்ப வேண்டும், தரை கழுவ வேண்டும், குளிக்க வெந்நீர் போட வேண்டும். கூடத்துத் தரை முழுக்கக் கடப்பைக் கல். வெயில் காலத்தில் படுக்கச் சுகமாக இருக்கும். கூடத்துக்கும் சாப்பாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு முற்றம், இறங்க இரண்டு படி, ஏற இரண்டு படி. விடுதியில் சேர இரண்டு விதிகள் வைத்திருந்தார்கள். சொந்தம் என்று ஒருவரும் இருக்கக் கூடாது. மணி அடித்தால் பந்திக்குத் தன் காலால் நடந்து வர வேண்டும். நடக்க முடியாமல் போனவர்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியின் தர்ம வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தூக்கி எடுத்துப் பார்க்க ஆள் இல்லை என்று விடுதியை நடத்துகிற காரியஸ்தர் சொல்வார். அது நிஜம்தான். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வண்டி வந்து நின்றால் கூடத்தில் இருக்கிற எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த விடுதியில் என் அத்தை இரண்டு வருஷம் இருந்தாள். என் அப்பாவின் அக்கா. ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காட்டு ஊர் அவளுடையது. என் அம்மா போன பிறகு ஏழு வருஷம் நான் அவளிடம்தான் வளர்ந்தேன். அவளுக்குப் பிள்ளை கிடையாது. மாமா செத்ததும் காடு அவருடைய தம்பிகள் கைக்குப் போயிற்று. மழையும் பெய்யவில்லை. ஒரு மத்தியானம் துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எங்கள் வீடு ஒரே அறை. மூன்று பிள்ளைகள், அடுப்பு, மனைவி கூலிக்குத் தறி நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டை, எல்லாம் அதற்குள்தான். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒன்பது இரவு தூங்கினாள். "எனக்கு மனசு இல்லாம இல்லீங்க. அத்தையை எங்கீங்க படுக்க வெக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி. அவள் கெட்டவள் அல்ல. இடம் உண்மையிலேயே இல்லை. நான் வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அத்தை பின்னாலேயே வந்தாள்.

"நீ தண்ணி ஊத்தற எடத்துல அனாதைங்களுக்குச் சோறு போடறாங்களாமே சாமி. நான் அனாதைன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். அதென்ன, உனக்குக் கஷ்டமா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காரியஸ்தர் பெரிய நோட்டை விரித்து, "ஒறவுமொறை யாரும் இல்லியா?" என்று கேட்டபோது நான் பத்தடி தள்ளிப் பானை நிரப்பிக்கொண்டிருந்தேன். "ஒருத்தருமில்லீங்க" என்றாள் அத்தை. நான் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அன்று முதல் மற்றவர்கள் முன்னால் அவள் என்னைத் தண்ணிக்காரரே என்றுதான் கூப்பிட்டாள். என் மூக்கைச் சிந்திவிட்டவள், விளக்குமாற்றால் என்னை அடித்தவள், எனக்கு வாங்க போங்க என்று மரியாதை கொடுத்தாள். முதலில் கேட்க என்னவோ போலிருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவள் வந்த சில மாதத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து விழுந்து வண்டியில் போனார்கள். அதன் பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு நர்ஸம்மா வர ஆரம்பித்தார். வந்த முதல் நாள் அவர் நாடி பார்க்கவில்லை, நாக்கைப் பார்க்கவில்லை. எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துக் காலைப் பார்த்தார். நான் அந்தக் கூடத்தைத் தினமும் கழுவுகிறவன். அவ்வளவு நாளில் அந்தக் கால்களை ஒரு தரம்கூடப் பார்த்திருக்கவில்லை. நகம் வளர்ந்து வளைந்து அடுத்த விரலில் குத்திக்கொண்டு நின்றது. விரல் இடுக்கில் ஈரத்தில் ஊறிய புண். குதிகால் வெடிப்பில் மண். குனிந்து வெட்டிக்கொள்ள அவர்களுக்கு முடியாது. மாதம் ஒரு முறை வரும் நாவிதர் ஆண்களுக்குச் சவரம் செய்துவிட்டு, நேரம் இருந்தால் நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டுப் போவார். பெண்களுடைய நகம் ஒருவருடைய வேலையும் அல்ல. குத்துகிற வலிக்குப் பயந்து அவர்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள், அதனால்தான் கல் இடுக்கில் தட்டி விழுகிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னார். யாராவது ஒரு ஆள் வேண்டும் என்றார். காரியஸ்தர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீலக் கரை போட்ட ஒரு பீங்கான் பேசின், ஒரு நகவெட்டி, தேய்க்க ஒரு பீர்க்கங்கூடு, ஒரு எண்ணெய்க் கிண்ணம் கொடுத்தார்கள். வெந்நீர் கையில் ஊற்றிப் பார்த்த பிறகே அவர்கள் கால் அதில் இறங்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக் கூடாது. விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும். உள்ளங்காலில் முள், காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிப்புக்கு எண்ணெய் சாயங்காலம் மட்டும், அவர்கள் பாயில் காலை நீட்டின பிறகு. தடவினதும் துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். "எண்ணெய்க் காலோடு இந்தக் கல்லில் ஒருத்தரும் நிற்கக் கூடாது. மற்றது மறந்தாலும் இதை மறக்காதே" என்று நர்ஸம்மா சொன்னார். அதற்காகவே என் பழைய துண்டு ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும்.

முதல் நாள் பெண்கள் ஒருவரும் காலைக் கொடுக்கவில்லை. சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். "ஆம்பளை கையில காலக் குடுக்கறதா? இந்தக் கூத்து வேறயா?" என்றார் முறுக்குக்காரம்மா. வண்டிப்பேட்டையில் முறுக்கு விற்றுப் பிழைத்தவர். கூடத்தில் அவர் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. நான் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அத்தை காலை நீட்டினாள். "எனக்கு வெட்டுங்க தண்ணிக்காரரே. மகனாட்ட வயசு. நம்ம காலப் பாத்து அவருதான் மூக்கப் புடிக்கோணும், நமக்கென்ன வெக்கம்?" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். முறுக்குக்காரம்மாவும் கடைசியில் நீட்டினார். "ஏனுங்க, இது நகமா மம்பட்டியா?" என்று தன் காலையே கேட்டுச் சிரித்தார். நான்கைந்து மாதத்தில் பலர் காலைத் தூக்கி வைத்து நடந்தார்கள். வண்டி வருவது குறைந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்ததா என்றால், இருந்திருக்கும். இப்போது நினைத்தால் அந்த இடத்தில் ஒன்றும் தென்படவில்லை.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி என்று நர்ஸம்மா கண்டுபிடித்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஒரு கோழி இறகை இழுத்தார். பிறகு விரல் நகத்தால் அழுத்தினார். பிறகு பென்சில் முனையால் அழுத்தினார். "இன்னும் தொடவே இல்லீங்களே" என்றாள் அத்தை. அந்தக் கால் தலையில் நிலக்கடலை மூட்டையோடு நாமக்கல் சந்தைக்குப் போய் வந்த கால். முள் ஏறினால் நின்று, ஊக்கால் தோண்டி எடுத்துவிட்டு நடந்த கால். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு முள் குத்தினாலும் தெரியாது, வழுக்கினாலும் தெரியாது. நீதான் பார்க்கணும்" என்றார். பார்த்தேன். எல்லோருக்கும் முடித்துவிட்டுக் கடைசியில் அவளிடம் உட்காருவேன். விரல் விரலாகத் துடைக்கிற நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்ள முடியும். தலையைக் குனிந்துகொண்டே பேசுவோம். சின்னவனுக்குப் பல் விழுந்ததா, தார் கூலி ஏறியதா, மனைவி இருமல் எப்படி என்று உதடு அசையாமல் கேட்பாள். "நான் நடந்துட்டே இருந்தாத்தான் உனக்கும் நிம்மதி சாமி. உளுந்துட்டா வண்டி. வண்டி வந்தா உன்ற மூஞ்சி காட்டிக் குடுத்துரும்" என்று ஒரு நாள் சொன்னாள். எங்கள் உறவு வெளியே வந்தால் அவளுக்கு இடம் போகும், எனக்கு வேலை போகும். அதுதான் எங்கள் இருவருடைய பயமும்.

"எங்க காலெல்லாம் நொடியில முடியுது. இந்தம்மா காலுக்கு மட்டும் ஒரு பொழுதா? அதென்ன காலா, கோயில் தேரா?" என்பார் முறுக்குக்காரம்மா.

"உன்ற காலு உன்ற முறுக்காட்டவே இருக்குது. அழுத்தினா ஒடஞ்சுருமேன்னு வெரசா உட்டர்றாரு" என்பாள் அத்தை. கூடம் சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

இரண்டாவது தீபாவளிக்கு விடுதியில் எல்லோருக்கும் துணி கொடுத்தார்கள். எனக்கு இந்தத் துண்டு கிடைத்தது. மூலையில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்து எடுத்துக் காரியஸ்தர் கையால் கொடுத்தார். விடிவதற்கு முன்பே அண்டாவில் வெந்நீர் போட்டு இறைத்து ஊற்றியதில் பழைய துண்டு கரியும் ஈரமுமாகிவிட்டது. அதைக் கேணி மேட்டில் போட்டுவிட்டு, புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பெண்கள் நல்லெண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்துக் குளித்து முடித்திருந்தார்கள். அத்தை புதுச் சேலையில் தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கால் சுத்தமாக, காய்ந்து இருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் மிச்ச எண்ணெய். சின்ன வயதில் ஏழு தீபாவளியும் அவள் என்னைப் பலகையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்திருக்கிறாள். வைத்ததும் நான் அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அது எங்கள் வழக்கம். அவள் கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு, "தலையக் குனி சாமி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான்கு அடி தள்ளி முறுக்குக்காரம்மா தலை உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் குனிய முடியவில்லை. விடுதியில் அனாதைக் கிழவி தண்ணீர்க்காரன் தலையில் எண்ணெய் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் ஓடியது. அவள் விரல் அந்தரத்தில் நின்றது. நான் சட்டென்று அவள் காலடியில் உட்கார்ந்தேன். கால் பார்க்கிற வேலைதானே என் வேலை. அதை யாரும் தப்பாக நினைக்க முடியாது. கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு அவள் இரண்டு பாதத்திலும், உள்ளங்காலிலும் தடவினேன். தடவின கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், வியர்வை துடைக்கிறவன் போல. அப்படித்தான் கும்பிட்டேன். அவளுக்குப் புரிந்தது. "நல்லா இரு" என்றாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

துடைக்க வேண்டும். தோளில் கை போயிற்று. கையில் பட்டது புதுத் துண்டு. மஞ்சள் வைத்த துணி முதல் நாள் உடம்பில்தான் கிடக்க வேண்டும். பண்டிகை நாளில் அதைக் கால் துடைக்கிற துணியாக்க எனக்கு மனம் வரவில்லை. "உக்காந்திருங்கம்மா, பழைய துண்டு எடுத்துட்டு வாரேனுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கேணிக்குப் போனேன். பழைய துண்டை அலசிப் பிழிந்துகொண்டிருந்தபோது வாழையிலை வண்டி வந்தது. காரியஸ்தர் கூப்பிட்டார். மூன்று கட்டு இறக்கினேன். நான்காவது கட்டைத் தூக்கும்போது பந்தி மணி அடித்தது.

மணி அடித்தால் எழுந்து நடக்க வேண்டும் என்பது அவளுக்கு மூச்சு மாதிரி ஆகியிருந்தது. நான் சொன்னதை மறந்தாளோ, வருவேன் என்று கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்தாளோ, தெரியாது. கால் மரத்தவளுக்கு எண்ணெய் இருப்பது எப்படித் தெரியும்? ஈரத் துணியைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் இலைக் கட்டைக் கீழே போடவில்லை. மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். அது ஏன் என்று இன்றும் தெரியவில்லை. படிக்கு மேலே கடைசிக் கல்லில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கல்லில் நீளமாக எண்ணெய் இழுத்த தடம்.

காரியஸ்தர் குனிந்து தடத்தைத் தொட்டுப் பார்த்தார். "காலைல யாரு இந்தம்மா காலுக்கு எண்ணெ வெச்சது?" என்று கேட்டார். நான் நின்றேன். முறுக்குக்காரம்மாவும் நின்றார். "நாந்தானுங்க. நல்ல நாளாச்சேன்னு மிச்சம் இருந்ததை வெடிப்புக்கு வெச்சுக்கிட்டேனுங்க. புத்தி கெட்டுப் போச்சுங்க" என்றாள் அத்தை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். மத்தியானம் விடுதி கட்டிய முதலாளி வந்து தன் கையால் பலகாரம் பரிமாறுவார். அதற்குள் வண்டி வந்தாக வேண்டும் என்றார் காரியஸ்தர். வண்டியும் வந்துவிட்டது. அவளைப் பாயோடு தூக்கி ஏற்றினோம். வார்டில் கூட இருக்க ஒரு ஆள் கேட்பார்கள், சொந்தம் யாராவது உண்டா என்று காரியஸ்தர் கேட்டார். அவளைக் கேட்டாரா, பொதுவாகக் கேட்டாரா என்று சொல்ல முடியாது. அவர் கண் என் பக்கம் இருந்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். எனக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. "நான் அனாதைங்க. ஒருத்தருமில்லீங்க" என்றாள் அத்தை, முதல் நாள் நோட்டுக்கு முன்னால் சொன்ன அதே குரலில்.

நான்காம் நாள் எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது. வார்டில் அவள் இருந்ததாகச் சொன்ன கட்டிலில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். முந்தின நாளே முடிந்துவிட்டது, முனிசிபாலிட்டியில் எடுத்துப் போய்விட்டார்கள் என்றார் வார்டு ஆள். "நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "விடுதியில தண்ணி ஊத்தறவனுங்க" என்றேன். வெளியே வந்து நடந்தேன். பசித்தது. வழியில் ஒரு கடையில் இட்லி தின்றேன். அழவில்லை. வீட்டில் சொன்னதும் மனைவிதான் அழுதாள். எண்ணெயைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் பேசினோடு போனபோது முறுக்குக்காரம்மா காலை நீட்டாமல் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அது தெரியாத அளவுக்கு எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? கூடத்துல எல்லாருக்கும் தெரியுமுங்க. காரியஸ்தருக்கும் தெரியும்னுதான் நான் நெனச்சிருந்தேன். நீங்க தலையக் குனிஞ்சிருந்தா யாருங்க வேண்டாம்னிருப்பாங்க?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. பிறகு காலை நீட்டினார். நான் நகம் வெட்டினேன்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. விடுதியில் வேறு காரியஸ்தர். படி ஓரத்தில் தென்னங்கயிற்றுப் பாய் போட்டிருக்கிறோம். பந்திக்கு நடந்து வர வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. மணி அடிப்பதற்கு முன்னால் நான் ஒவ்வொருவர் உள்ளங்காலையும் துடைத்துவிடுகிறேன், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உலர்ந்த காலை ஏன் துடைக்கிறாய் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பழக்கம் என்று சொல்வேன். அந்தக் காரியஸ்தருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அன்று அவளை ஏற்றின பிறகு வண்டிக்காரர் நுகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். அத்தையின் கால் இரண்டும் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, எண்ணெய் மினுக்கோடு. நான் தோளிலிருந்து புதுத் துண்டை எடுத்தேன். வலது காலை முதலில் துடைத்தேன். பிறகு ஒடிந்த கால். அதை அசைக்காமல், நர்ஸம்மா சொன்ன மாதிரி, விரல் விரலாக, இடுக்கிலும் விட்டு அழுத்தித் துடைத்தேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அப்போது யார் பார்ப்பதும் எனக்கு உறைக்கவில்லை. அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். தொடுவது அவளுக்குத் தெரிந்திருக்காது, துண்டைத்தான் பார்த்திருப்பாள். "மஞ்ச வெச்ச துண்டுங்களே தண்ணிக்காரரே, கறை போகாதுங்க" என்றாள். வண்டி நகர்ந்தது.

கறை போகவில்லை. சீயக்காய் போட்டு ஒரு தரம் துவைத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இரண்டு கறையில் இடது பக்கத்தது கொஞ்சம் பெரியது. இதை எழுத உட்காரும் முன் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் மூலை உள்ளே வரும்படி மடித்து, பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.